சுருவில் கரையில் ஏழு சட்டிகள்

நம் ஆய்வுகூடத்தின் மேல்தட்டு அலுமாரியில், அமிலப் போத்தல்களுக்குப் பக்கத்தில், நீல மட்டை போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. அதை யாரும் பழைய கடதாசியோடு சேர்த்து எறிந்துவிடக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஓய்வுபெற்றுப் போன ஒருத்தி ஒரு கொப்பியைக் காப்பாற்ற இத்தனை பக்கம் எழுதுவாளா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

கருவிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் போன பிறகு வந்த கருவிகளின் பெயரே எனக்குச் சரியாக வாயில் வராது. ஆனால் நீங்கள் செய்ய வந்திருக்கும் வேலை மாறவில்லை. உயிர் எப்படித் தொடங்கியது, இங்கே தொடங்கியது வேறு எங்காவதும் தொடங்கியிருக்குமா என்பதுதான் கேள்வி. வெளியே சொன்னால் ஒன்றில் கோயிலுக்குப் போகச் சொல்வார்கள், அல்லது கலியாணம் முடித்துப் பிள்ளை பெறச் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே சொன்னார்கள். நான் இரண்டையும் செய்தேன், கேள்வி அப்படியேதான் இருந்தது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவரின் பெயரை எழுதமாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. சேர்ந்த முதல் வருடம், நெடுந்தீவில் இருந்து கொண்டுவந்த பவளக்கல் ஒன்றை இடித்துப் பார்த்தபோது அதற்குள் ஒரு எண்ணெய் தெரிந்தது. ஆதிகாலத்துக் கடல் உயிர் விட்டுப்போன எண்ணெய் என்று ஆறு பக்கம் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் முதல் பக்கத்தைக்கூட முடிக்கவில்லை. கதிரையில் சாய்ந்து என்னைப் பார்த்தார்.

“நீர் இண்டைக்குத் தலைக்கு எண்ணெய் வைச்சனீரோ?”

வைத்திருந்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, கல் இடித்த நாளும். அந்த ஆறு பக்கத்தையும் கிழிக்கவேண்டாம், பத்திரமாக வைத்திரும் என்றார். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் கல்லுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கவேண்டும் என்பதை அவர் எனக்கு அப்படித்தான் சொல்லித்தந்தார். பாடம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அது விளங்க எனக்கு இன்னும் இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது.

இனிச் சட்டிகளின் கதைக்கு வருகிறேன்.

உயிருக்கு முந்திய பூமியில் சின்னச் சின்னத் துகள்கள் தண்ணீரில் மிதந்தன. தண்ணீருக்குள் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது கஷ்டம். தண்ணீர் வற்றிக் காயும்போது நெருங்கிச் சேரும். மழையோ கடலோ திரும்ப நனைக்க, சேர்ந்தவை மிதந்து வேறு ஒன்றைத் தேடும். இப்படிக் காய்ந்து நனைந்து, காய்ந்து நனைந்து, ஏதோ ஒரு கரையில் துகள்கள் சங்கிலியானால் அங்கே உயிர் தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. வேறு ஒரு சூரியனுக்குக் கீழும் அப்படி ஒரு கரை இருந்தால் அங்கேயும் தொடங்கியிருக்கும். அதற்கும், கேள்வி கேட்கிற ஒரு தலை அங்கே முளைப்பதற்கும் நடுவில் கனதூரம் இருக்கிறது. ஆனாலும் முதல் அடி சங்கிலிதான்.

இதை ஆய்வுகூட அடுப்பில் எல்லோரும் செய்து பார்க்கிறார்கள். நான் உண்மையான வெயிலில், உண்மையான உப்புக் காற்றில் செய்ய விரும்பினேன். நான் புளியங்கூடலில் பிறந்தவள். எங்கள் தீவின் வெயிலை எனக்குத் தெரியும். சுருவிலில் கடலோரமாக, சுண்ணாம்புக்கல் பரவிய ஒரு வளவின் மூலையில், அந்தத் துகள்களைக் கலந்த சேற்றோடு ஏழு மண்சட்டிகளை வைத்தோம். மேலே மெல்லிய வலைத்துணி, அதற்கு மேல் கண்ணாடி மூடி. சனிக்கிழமைதோறும் என் மாணவி துளசி போய், சுத்தமான தண்ணீர் அளந்து விட்டுவருவாள். மற்ற நாட்களில் மழை வந்தால் மூடியை இழுத்துவிடவும், மழை விட்டால் திறக்கவும் ஒருவர் வேண்டும்.

அந்த வளவுக்காரர் பிலோமினா அக்கா. கரம்பொன்னில் பிறந்து சுருவிலுக்கு வாழ்க்கைப்பட்டவர். கணவர் கடலுக்குப் போவார். அக்கா மீன் வெட்டிக் கருவாடு போடுவார், கிழிந்த வலை பொத்துவார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததே இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் அவர் சட்டிகளைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, இதுக்குள் என்ன வளருது என்று கேட்டார். நான் அவசரத்தில் இருந்தேன், பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. காய்வது, நனைவது, சங்கிலி என்று விளங்கப்படுத்த யாருக்குப் பொறுமை இருந்தது? “உயிர் வருதோ எண்டு பாக்கிறம் அக்கா,” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டிகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்கவேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் போனது. ஆறு சட்டிகளிலும் இரண்டு துகள், மூன்று துகள் சேர்ந்ததற்கு மேல் ஒன்றுமில்லை. ஏழாவதில் நீண்ட சங்கிலிகள்.

நீளம்கூடப் பெரிதில்லை. இந்தத் துகள்கள் இரண்டு விதமாக இருக்கும், இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் போல. இரசாயனத்தை அதன்பாட்டில் விட்டால் இரண்டும் சரிபாதியாக வரும். உயிருள்ளவை மட்டும் இடதை எடுத்து இடதோடு கோக்கும். நண்டும் அப்படி, நெல்லும் அப்படி, நீங்களும் நானும் அப்படி. ஏன் என்று இன்றைக்கும் முடிவாகத் தெரியாது. நாங்கள் ஏழு சட்டியிலும் சரிபாதிதான் போட்டோம். ஏழாம் சட்டியின் சங்கிலிகள் ஏறக்குறைய முழுதும் இடது.

துளசி அந்த அளவீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டியதும் அதை இரண்டுதரம் பார்த்தேன். உயிரில்லாத சேறு உயிரின் பக்கமாகச் சாய்ந்ததை முதன்முதலாகக் கண்ட ஆட்கள் நாங்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே கேள்வியோடு மாரடித்தவளுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டு மாநாட்டுக்கு எழுதிப்போட்டோம், பேச அழைத்தார்கள். யாரோ வாய் விட்டதில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, உயிரின் பிறப்பிடம் சுருவில் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. புளியங்கூடல் உறவினர்கள், சுருவிலுக்கு எப்படிக் கொடுப்பாய் என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

பிளேன் ஏற எட்டு நாள் இருக்கும்போது, வரைபடத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பழக்கியவரின் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் ஆலோசனை கேட்கப் போகவில்லை. மெச்சவேண்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கிருமி பார்த்தீரா என்று கேட்டார். பார்த்தோம், எல்லாச் சட்டியிலும் கொஞ்சம் இருந்தது, ஏழாவதில் கொஞ்சம் கூடுதல், வெளியில் வைத்த சட்டிதானே என்றேன். வேறு ஏதும் வித்தியாசமா என்றார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, உப்பு. இலேசாகப் புளித்த மணம் என்று துளசி கொப்பி ஓரத்தில் எழுதியிருந்தாள், அது கடலோரக் களப்புச் சேற்றின் மணம் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் வைத்திருந்தேன்.

“சட்டிக்குப் பக்கத்திலை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்.

பிலோமினா அக்காவைச் சொன்னேன்.

“அவவைக் கேட்டனீரோ?”

மழைக்கு மூடுகிற வேலை மட்டும்தான் அவவுக்கு, அவவிடம் என்ன கேட்பது என்றேன். அவர் வரைபடத்தை மடித்து என்னிடம் தந்தார்.

“நீர் போய்க் கேளாட்டில் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது. கனகாலத்துக்குத் தெரியவராது. அதையும் யோசிச்சுப் பாரும்.”

பிள்ளைகளே, அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. அதுதான் பெரிய ஆக்கினை. போகச் சொல்லியிருந்தால் திட்டிக்கொண்டாவது போயிருப்பேன். அன்று முழுக்க வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பக்கம் மாநாடு, துளசியின் பட்டம், பன்னிரண்டு வருடம். மறு பக்கம் ஒரு பஸ் பயணம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களில் பழகியவர்களுக்குத் தெரியும். அடுத்த நாள் காலை பஸ்சில், கடலை அறுத்துப் போகும் அந்தத் தாம்போதிப் பாதை முழுக்க, பிலோமினா அக்காவை எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். யார் தொடச் சொன்னது, எதைப் போட்டீர்கள், ஏன் சொல்லவில்லை. எல்லாமே அதட்டல்.

போய் இறங்கும்போது பிலோமினா அக்கா பாயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டுக் கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். பேப்பரில் வந்ததை வாசித்தாராம், வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார், மாதா படத்துக்குப் பக்கத்தில். அந்தக் கடதாசியைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் போய்விட்டது. எதைக் கேட்பது என்று தெரியாமல், வீட்டுக்குப் போனால் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பதுபோல, ஏழாம் சட்டி எப்பிடியக்கா என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது அவருக்கு. “அது இப்ப நல்லா இருக்குது ரீச்சர். முந்தித்தான் நோஞ்சான்.”

ஏழாம் சட்டியின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மற்றவை சனிக்கிழமை வரை ஈரம் காக்கும், இது புதன்கிழமையே காய்ந்துவிடும். எங்களுக்கு அது தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டோம். காய்வதுதானே எங்களுக்கு வேண்டியது. அக்காவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதற்குள் உயிர் வரப்போகிறது.

“தண்ணி வத்தி வெடிச்சுப்போய்க் கிடந்துது. பாக்கேலாமல் போச்சு. சோறு வடிச்ச கஞ்சியை ஆறவைச்சு ஒரு கரண்டி விட்டனான். பிறகு காயிற நாளெல்லாம் விட்டனான். மற்றதுகளுக்கு விடேல்லை, அதுகளுக்குத் தேவைப்படேல்லை.”

அவர் என் முகத்தைப் பார்த்து, தான் ஏதோ விளக்கவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும்.

“வாசல் படலைக்குள்ளை வந்ததைப் பட்டினி போடுறதே, ரீச்சர்?”

சண்டைக்காலத்தில் தீவை விட்டு ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்த நாட்களைப் பற்றி அப்போதுதான் சொன்னார். முன்பின் தெரியாத பெண்கள் நாள்தோறும் பெரிய கிடாரத்தில் கஞ்சி கொண்டுவந்து, யார் எவர் என்று கேட்காமல் ஊற்றினார்களாம். அதில் ஒருத்தியின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றார். இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை, கஞ்சிக்கு என்ன பலம் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

ஏழாம் சட்டிக்கு விட்ட கஞ்சியில் நெல்லின் இடது சங்கிலிகள் இருந்தன. அதில் பெருகிய கிருமிகளின் இடது இருந்தது. அடியில் படிந்த வெள்ளை உப்பல்ல, கஞ்சியின் மாப்பொருள். பின்னேரம் ஆய்வுகூடத்துக்குத் திரும்பி வந்து அந்த வெள்ளையில் ஒரு துளி அயடீன் விட்டேன். நீலக்கறுப்பானது. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பள்ளிப் பிள்ளைகள் செய்கிற சோதனை அது. உலகத்தின் விலைகூடிய கருவிகளில் எல்லாம் ஏற்றி இறக்கிய நாங்கள் அதைச் செய்யவில்லை.

ஆனால் அது பின்னேரம். அந்தக் காலையில், அவருடைய வளவில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. போன பன்னிரண்டு வருடத்துக்காகக் கலங்கியது என்றுதான் முதலில் நினைத்தேன். அக்காவுக்கு விளங்கிவிட்டது.

“நான் பிழை விட்டிட்டனோ?”

அந்த இடத்தில் நான் சொன்ன பதில் ஒன்றுதான் என் வேலைக்காலத்தில் யோசிக்காமலே சரியாகச் சொன்ன பதில். “இல்லையக்கா. நான்தான் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை.” பிறகு பஸ்சை விட்டுவிட்டு, முதல் நாள் சொல்லவேண்டியதை எல்லாம் சொன்னேன். காய்ந்தால்தான் சேரும், நாங்கள் தேடுவது யாரும் ஊட்டாமல் தானாக வருவதை என்று. மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டு முடிய, கையில் ஒரு மீனோடு நின்றார்.

“அப்ப, முதல்முதல் வந்தது தானா வந்துதோ, ஆரும் இரங்கி விட்டவையோ எண்டு எப்பிடித் தெரியும்? நீங்கள் என்னட்டை வந்து கேட்டியள். அதை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

வானத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, அவர்கள் விதைத்துத்தான் இங்கே வந்ததா என்று பெரிய பெரிய மண்டபங்களில் கேட்கப்படுகிற அதே கேள்வி. மண்டபத்தில் கேட்டபோது எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. சுருவிலில் அது கடுமையாகக் கேட்டது, ஏனென்றால் கேட்டவர் இரங்கிக் கஞ்சி விட்டவர்.

மாநாட்டுக்கு எழுதி விலகினோம். பத்திரிகைக்கும் எழுதினேன், அவர்கள் அதைக் கொட்டை எழுத்தில் போடவில்லை. விலகலுக்குக் காரணம் எழுதும் இடத்தில் துளசி, உள்ளூர் உதவியாளரின் கவனயீனம் என்று எழுதிக் கொண்டுவந்தாள். அவளைக் குறைசொல்லமாட்டேன். அப்படி எழுதுவதுதான் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இரண்டு வருடம் பின்னுக்குப் போன பிள்ளை அவள், அழுதிருந்த கண்ணோடு நின்றாள். நான் அந்த வரியை வெட்டிவிட்டு, செய்வது என்னவென்று உடன் வேலை செய்தவருக்கு முதன்மை ஆய்வாளர் விளங்கப்படுத்தவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் இதைப் பெருந்தன்மை என்று எடுக்கவேண்டாம். நடந்தது அதுதான். அக்காவைப் போலக் கவனமாக அந்தச் சட்டியைப் பார்த்தவர்கள் எங்களில் யாரும் இல்லை.

பிறகு திரும்பத் தொடங்கினோம். புதுச் சட்டிகள், அதே கல், அதே வெயில். ஏழாவது சட்டி வேண்டுமென்றே சீக்கிரம் காய்வதாகத் தெரிந்தெடுத்தது. இந்தமுறை பிலோமினா அக்காவிடம் ஒரு நீலமட்டைக் கொப்பியைக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் சட்டிகளில் என்ன கண்டார், என்ன செய்தார் என்று எழுதச் சொன்னேன். தனக்கு எழுத்து வடிவில்லை என்று வெட்கப்பட்டார். வடிவு எங்களுக்குத் தேவையில்லை என்றேன்.

ஒரு முழு வருடம். நீண்ட சங்கிலி ஒரு சட்டியிலும் வரவில்லை. இரண்டு துகள், மூன்று துகள், சில இடங்களில் நாலு, இடதும் வலதும் சரிபாதி. சுருவில் வெயிலில் இந்த வழியாக இவ்வளவுதான் வரும் என்று எழுதி வெளியிட்டோம். துளசிக்குப் பட்டம் கிடைத்தது அதற்குத்தான். நீங்கள் இப்போது இன்னும் நல்ல வழி ஒன்று வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். நல்லது. எங்களுடைய ஒன்றுமில்லை என்ற அந்தப் பதிலில் ஏறி நின்றுதான் அதைப் பார்க்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தோஷம்.

கொப்பி என் கைக்கு வந்து நான் வாசித்தது, சட்டிகளை எடுத்து எல்லாம் முடிந்த பிறகுதான். முதல் பக்கங்களில் மழை, வெயில், மூடினது, திறந்தது. பிறகு ஒவ்வொரு நாளின் கடைசியிலும் ஒரே வரி வரத் தொடங்குகிறது: இண்டைக்கும் ஒண்டும் விடேல்லை. பக்கம் பக்கமாக அதுதான். சித்திரை வெயிலில் ஒரு நாள் இப்படி எழுதியிருக்கிறார்: “ஏழு காஞ்சு வெடிச்சுப் போச்சு. கஞ்சி வடிச்சு ஆறினதும் இருந்தது. பாத்துக்கொண்டு நிண்டனான். விடேல்லை.”

அந்த இடத்தில் நான் கொப்பியை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போனேன். நாங்கள் சம்பளத்துக்கும் பெயருக்கும் ஒரு பரிசோதனையைச் சுத்தமாக வைத்திருக்கிறோம். அவருக்கு அதில் கிடைத்தது ஒன்றுமில்லை. பசித்ததாக அவர் நம்பிய ஒன்றின் முன்னால், கையில் கஞ்சியோடு, உண்மைக்காக ஒரு வருடம் சும்மா நின்றிருக்கிறார்.

ஆகவே உங்கள் முடிவு ஒன்று நம்பமுடியாத அளவு நன்றாக வந்தால், அதை நம்புவதற்கு முன் அந்த அலுமாரியைத் திறவுங்கள். எங்கே திறந்து வாசித்தாலும் சரி. கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடவேண்டாம். சட்டிகளைத் துளசி அள்ளிக்கொண்டு வந்தபோது ஏழாவதைத் தன்னிடமே விட்டுவிடச் சொல்லி அக்கா கேட்டார், நாங்களும் விட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கு அவர் எழுதியது இது:

“இண்டையோடை எல்லாம் முடிஞ்சுது எண்டு ரீச்சர் சொன்னவ. இனிப் பிழையில்லையாம். அவை போனாப் பிறகு ஏழுக்கு ஒரு கரண்டி விட்டனான்.”